வாசலும் பதிவேடும்: ஒரு குடியிருப்பு முற்றுகைக்குள் போகும்போது

கேரள எல்லையில், களியக்காவிளையிலும் வாளையாறிலும் சாலையின் குறுக்கே நிற்கும் இரும்புத் தடுப்பைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இரண்டு தடுப்புகளை ஒரே வரிசையில் வைக்காமல் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகத் தள்ளி வைப்பார்கள். வண்டி வளைந்துதான் போக முடியும் என்பதால் வேகம் தானாகக் குறையும். அது வண்டிகளுக்கான தடுப்பு. மனிதர்கள் குடியிருக்கும் இடத்தை நாலாபுறமும் அடைக்கும்போது அதே இரும்பு வேறு வேலை செய்கிறது. பால் உள்ளே போகுமா, பிரசவ வலி வந்தவள் வெளியே வர முடியுமா, இரவில் சுட்டது யார் என்பது காலையில் தெரியுமா என்பதையெல்லாம் அந்தத் தடுப்பை நிறுத்திய விதம் முடிவு செய்துவிடுகிறது.

முற்றுகை பற்றிய பேச்சு பெரும்பாலும் எத்தனை போலீஸ், எத்தனை துப்பாக்கி என்பதோடு நின்றுவிடும். உயிர்ச்சேதத்தின் அளவை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை இரண்டு. சண்டையில் சேராதவர்கள் வெளியேற நம்பத்தகுந்த ஒரு வாசல் இருந்ததா என்பது முதலாவது. சுட்ட ஒவ்வொரு குண்டையும் விழுந்த ஒவ்வொரு உடலையும் யாராவது எழுதி வைத்தார்களா என்பது இரண்டாவது. இரண்டும் தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஜமைக்காவில் இருக்கிறது.

கிங்ஸ்டன், 2010 மே

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் மேற்குப் பகுதியில் உள்ள குடியிருப்பு டிவோலி கார்டன்ஸ். 1960களில் ஒரு பெரிய குடிசைப் பகுதியை இடித்து அங்கே கட்டப்பட்டது. வீடும் வேலையும் பாதுகாப்பும் ஒரு கட்சியின் கை வழியாக, அந்தக் கட்சிக்கு வேண்டிய உள்ளூர்த் தலைவனின் கை வழியாகக் கிடைக்கும் இத்தகைய தொகுதிகளை அந்த நாட்டில் ‘கேரிசன்’ என்கிறார்கள். நம் மொழியில் பாசறை என்று சொல்லலாம். டிவோலியில் அந்தத் தலைவன் கிறிஸ்டோபர் கோக். போதைப்பொருள், ஆயுதக் கடத்தல் வழக்கில் அவரை ஒப்படைக்கும்படி 2009 ஆகஸ்டில் அமெரிக்கா கேட்டது. அப்போதைய பிரதமர் புரூஸ் கோல்டிங் அதே தொகுதியின் மக்களவை உறுப்பினர். ஒன்பது மாதம் இழுத்தடித்த பிறகு 2010 மே 17 அன்று ஒப்படைப்புக்கு இசைவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். படைகள் உள்ளே நுழைந்தது மே 24.

இடையில் கிடைத்த அந்த ஒரு வாரத்தில்தான் அரண்கள் எழுந்தன. ஓடாத வண்டிகளைத் தெருவின் குறுக்கே இழுத்துப் போட்டார்கள். மணல் மூட்டைகளை அடுக்கினார்கள், முள்கம்பிச் சுருளை விரித்தார்கள். இவற்றுக்கு நடுவே வெடிபொருள்களும் வைக்கப்பட்டிருந்ததாகப் பாதுகாப்புப் படையினர் பின்னர் சாட்சியம் சொன்னார்கள். கைது வாரண்டு வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது, கைது செய்யப்போகும் ஆள் ஆயுதம் வைத்திருக்கிறார், அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் வாழ்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்திருக்கும்போது அறிவிப்புக்கும் நடவடிக்கைக்கும் இடையே விடும் ஒவ்வொரு நாளும் அரணை உயர்த்தத்தான் பயன்படும். டிவோலியில் நடந்த முதல் பிழை இதுதான் என்பது என் கணிப்பு.

மே 23, ஞாயிற்றுக்கிழமை. காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன, ஹன்னா டவுன் காவல் நிலையம் எரிந்தது. அன்று மாலையே தலைநகர்ப் பகுதிக்கு அவசரநிலை அறிவித்தார்கள். வெளியேற விரும்புகிறவர்கள் வரலாம், வண்டி தருகிறோம் என்று காவல்துறை அழைத்தும் மிகச் சிலரே வந்தார்கள். முற்றுகை பற்றி யோசிக்கும் எவரும் நின்று பார்க்கவேண்டிய இடம் இது. வாசல் திறந்திருந்தது. ஆனால் அந்த வாசல் வழியாகப் போனவனைத் தெருவிலுள்ள ஆயுதக்காரன் பார்த்துக்கொண்டிருப்பான், நாளை அவனோடுதான் அதே தெருவில் வாழ வேண்டும். திரும்பி வரும்போது வீட்டில் சாமான் இருக்குமா என்றும் தெரியாது. வெளியே ஏற்றிச் செல்பவரோ பல ஆண்டுகளாக நம்பிக்கை இழந்த போலீஸ். அதே மேற்குக் கிங்ஸ்டனில் 2001 ஜூலையில் நடந்த நடவடிக்கையில் 27 பேர் இறந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டால் மட்டும் வாசல் திறந்துவிடாது. வருகிறவர்கள் நம்பும் ஒரு மூன்றாம் கை அங்கே நிற்கவேண்டும். பாதிரியார், செஞ்சிலுவைச் சங்கத்தார், ஆஸ்பத்திரிக்காரர், பள்ளித் தலைமையாசிரியர் என யாராவது ஒருவர்.

அடுத்த நாள் ராணுவமும் போலீஸும் நுழைந்தன. அடர்ந்த குடியிருப்பின் திறந்தவெளிகளை நோக்கி, வானில் வளைந்து போய் விழும் மோர்ட்டார் குண்டுகள் வீசப்பட்டன. இந்த விஷயத்தை ராணுவம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மோர்ட்டார் எங்கே விழும் என்பதை ஒரு புள்ளியாகச் சொல்ல முடியாது, ஒரு வட்டமாகத்தான் சொல்ல முடியும். அந்த வட்டத்துக்குள் வீடுகள் இருந்தால், திறந்தவெளியைக் குறிவைத்தோம் என்ற விளக்கம் நிற்காது. பார்படாஸின் முன்னாள் தலைமை நீதிபதி டேவிட் சிம்மன்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 2016இல் அளித்த அறிக்கை இதைக் கடுமையாகக் கண்டித்தது. இறந்த குடிமக்கள் குறைந்தது 69 பேர், ராணுவ வீரர் ஒருவர். குறைந்தது 15 சாவுகளில் சட்டத்துக்குப் புறம்பான கொலைக்கான சான்று இருப்பதாக ஆணையம் கண்டது. அவசரநிலைக் காலத்தில் பிடித்து வைக்கப்பட்டவர்கள் 4,000க்கும் மேல்.

கோக் அங்கே அகப்படவில்லை. நான்கு வாரம் கழித்து, ஜூன் 22 அன்று, நகருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஒரு வாகனச் சோதனையில் பிடிபட்டார். களியக்காவிளையில் நாம் தினமும் கடந்துபோகும் அதே மாதிரியான ஒரு தடுப்பு. அங்கே ஒரு தோட்டாவும் செலவாகவில்லை.

நம் கரையில்

கேரளத்தில் டிவோலி போல ஆயுதம் தாங்கிய அரண் எழுந்ததில்லை. ஆனால் திருவனந்தபுரத்துக் கரையை எடுத்துக்கொண்டால், பூவாற்றிலிருந்து வலியதுறை வரை, நம் மீனவ உறவுகள் நிறைந்த அந்த நெருக்கமான நிலத்தில், முற்றுகையின் மூன்று வகையையும் பார்த்துவிட்டோம்.

2009 மே 17 அன்று பீமாபள்ளி, செறியதுறைப் பகுதியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். பக்கத்து இரண்டு குடியிருப்புகளுக்கு இடையே மூண்ட தகராறைத் தடுக்கவே சுட்டோம் என்பது போலீஸ் தரப்பு. சுட உத்தரவிட்டது யார் என்பதே பெரிய சர்ச்சையானது. நீதி விசாரணை ஆணையம் அமைந்தது. அறிக்கையும் அரசின் கைக்குப் போனது, ஆனால் அது மக்கள் பார்வைக்கு வராமலே ஆண்டுகள் கடந்தன.

2020 ஜூலையில் பூந்துறை. குமரிச்சந்தை மீன் சந்தையிலிருந்து கொரோனா பரவியது. ஐந்து நாளில் பரிசோதித்த 600 மாதிரிகளில் 119 பேருக்குத் தொற்று இருந்தது. பூந்துறை, மாணிக்கவிளாகம், புத்தன்பள்ளி ஆகிய மூன்று வார்டுகளை அடைத்து, சிறப்பு ஆயுதப்படையின் 25 கமாண்டோக்களை இறக்கினார்கள். படகுகள் தமிழ்நாட்டுப் பக்கம் போகாமலும் வராமலும் கடலிலும் காவல் போட்டார்கள். நோய்க்கு எதிராகத் துப்பாக்கியேந்திய ஆள் என்ன செய்வார்? கமாண்டோ நடமாட்டத்தைத் தடுப்பார். அரிசி கொண்டுவருவது அவர் வேலை இல்லை. சில நாட்களிலேயே ஜனங்கள் தெருவுக்கு வந்து, சாமான் கிடைக்கவில்லை, எங்களைக் குற்றவாளிகளாக நடத்துகிறார்கள் என்று சுகாதாரப் பணியாளர்களின் காரை மறித்தார்கள். பிறகு சாமான் விநியோகம் சீரானது, தேவாலயத்தின் பங்குப் பேரவையும் உள்ளூர்க்காரர்களும் பேச்சில் சேர்ந்தார்கள். ஓரிரு நாளில் அதே தெருவில் அதே பணியாளர்களைப் பூத்தூவி வரவேற்றார்கள். கமாண்டோவால் முடியாததை இரண்டு நாளில் அரிசியும் பேச்சும் செய்தன.

மூன்றாவது விழிஞ்ஞம். 2022 ஆகஸ்ட் 16 முதல் மீனவர்கள் துறைமுக வாசலில் பந்தல் போட்டு அடைத்தார்கள். இங்கே தடுப்பு மக்களுடையது. நவம்பர் 27 இரவு விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டது, போலீசார் பலர் காயமடைந்தார்கள். நிலையத்தையே சூழ்ந்த நிலையிலும் போலீஸ் கூட்டத்தை நோக்கிச் சுடவில்லை. டிசம்பர் 6 அன்று போராட்டம் பேச்சுவார்த்தையில் முடிந்தது. பீமாபள்ளியும் விழிஞ்ஞமும் ஒரே கரையில், சில மைல் இடைவெளியில். ஓரிடத்தில் ஆறு சவம், மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இரவில் கூட்டம் சாதுவாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மேலே இருந்தவர்கள் துப்பாக்கியை எடுக்காமல் பொறுத்தார்கள், பாதிரியார்கள் நடுவே நின்று பேசினார்கள். அந்தப் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. தடையுத்தரவு போட அதிகாரம் தரும் பழைய 144ஆம் பிரிவு இப்போது 163ஆம் பிரிவு. ஒரு தடையுத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. மாநில அரசு தனியே ஆணையிட்டால் மேலும் ஆறு மாதம் வரை நீளலாம். அத்தகைய உத்தரவைக் காரணத்தோடு எழுத வேண்டும், வெளியிட வேண்டும், தேவைக்கு மீறக்கூடாது என்று, காஷ்மீரின் இணையத் தடையை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று சொல்லிவிட்டது. ஆகவே தடுப்பில் நிற்கும் போலீசிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, உத்தரவின் எண் என்ன, தேதி என்ன, எல்லை எந்தத் தெரு முதல் எந்தத் தெரு வரை என்பது. வாய்மொழித் தடை நீதிமன்றத்தில் நிற்பது கடினம். எழுத்தில் இருந்தால்தான் அதை எதிர்த்து வழக்கும் போட முடியும்.

கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் 148ஆம் பிரிவில் இருக்கிறது. நிர்வாக நடுவரோ, காவல் நிலையப் பொறுப்பதிகாரியோ, அவர் இல்லாதபோது சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவரோ முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால்தான் பலம். ராணுவம் வேண்டுமானால் 149. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, சிறப்புத் துணை வட்டாட்சியர்கள் உத்தரவிட்டதாகக் காகிதத்தில் எழுதப்பட்டதை நாடே பார்த்தது. உத்தரவிட்டவர் அந்த இடத்தில் நின்று கண்ணால் பார்த்தாரா என்பதுதான் அங்கேயும் கேள்வி, பீமாபள்ளியிலும் கேள்வி.

இந்த இடத்தில் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எச்சரிக்கை எந்த மொழியில்? பாறசாலையிலும் பாலக்காட்டின் கிழக்குப் பகுதியிலும் மலையாளத்தில் மட்டும் சொன்னால் வயதான தமிழ்ப் பெண்ணுக்கு ‘பிரிஞ்ஞு போகணம்’ (கலைந்து போக வேண்டும்) புரியலாம், எந்தத் தெரு வழியாக என்பது புரியாமல் போகலாம். நகரியிலும் சத்தியவேட்டிலும் தெலுங்கு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுதவும் பதில் பெறவும் இடம் தருகிறது. மனுவுக்கு உள்ள மரியாதை ஒலிபெருக்கிக்கும் வேண்டும். கலைந்து போகச் சொல்லும் அறிவிப்பு இரண்டு மொழியில், குறைந்தது மூன்று முறை, போகும் வழியின் பெயரோடு ஒலித்தால், அதற்காகச் செலவாகும் ஐந்து நிமிடம் பல உயிர்களைக் காக்கும்.

தெருவில்

முறையான முற்றுகை இரண்டு வளையங்களாக இருக்கும். உள்வளையம் ஆயுதக்காரர்கள் அல்லது தேடப்படுபவர் இருக்கும் சில வீடுகளைச் சுற்றி. வெளிவளையம் வேடிக்கை பார்ப்பவர்களையும் புதிதாகச் சேரும் கூட்டத்தையும் தடுக்க. இரண்டுக்கும் நடுவே ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, மருத்துவர் நிற்க இடம் வேண்டும். பெரும்பாலும் தவறுவது இந்த நடுவிடத்தில். கூட்டத்தை அடக்கும் அவசரத்தில் இரண்டு வளையமும் ஒட்டிப்போய்விடுகின்றன, காயம்பட்டவனை ஏற்றும் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. இன்னொரு தவறு, கூட்டத்தை எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு விரட்டுவது. போக வழி இல்லாத கூட்டம் முன்னால்தான் வரும். குறைந்தது ஒரு தெரு திறந்திருக்க வேண்டும், அது கடற்கரையில் முடியும் தெருவாக இருக்கக் கூடாது.

கரையோரத்தில் கண்ணீர்ப்புகைக்குத் தனிக் கணக்கு. பகலில் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசும், இரவில் நிலக்காற்று கடலை நோக்கி. கரையில் நின்று பகல் இரண்டு மணிக்கு வீசிய புகை கூட்டத்தைத் தாண்டி வீடுகளுக்குள் போய், தொட்டில் குழந்தையையும் ஆஸ்துமாக்காரரையும் முதலில் பிடிக்கும். குண்டின் உலோகக் கூடு சுடச்சுட விழும். ஓலைக் கூரையும் வலைக்குவியலும் எரிய அது போதும். நாலு அடிச் சந்தில் அந்தப் புகை கலையவே கலையாது. அகலமான சாலைக்கு எழுதிய பயிற்சிக் குறிப்பை அப்படியே கரைக்குக் கொண்டுவரக் கூடாது.

ரைபிள் பற்றி ஒரே ஒரு விஷயம். சுயமாக நிரம்பும் 7.62 மி.மீ. ரைபிளின் குண்டு நூற்றுக்கணக்கான மீட்டர் கடந்தும் கொல்லும், தகரத்தையும் ஹாலோ பிளாக் சுவரையும் துளைத்துப் போகக்கூடியது. வீட்டுக்குள் படுத்திருந்தவர் இறந்தார் என்ற செய்தியில் மர்மம் ஏதும் இல்லை. தலைக்கு மேலே சுட்டுப் பயமுறுத்தலாம் என்ற பழக்கமும் அதனால்தான் ஆபத்து. மேலே போன குண்டு எங்கோ கீழே விழுந்தாக வேண்டும், கூட்டத்தில் இல்லாத ஒருவர் மேல்.

உள்ளே இருப்பவர்களின் நாள்

ஆயிரம் குடும்பம், வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைப்போம். அகதி முகாம்களுக்கு உலகெங்கும் பின்பற்றும் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். மொத்தம் 75,000 லிட்டர், அதாவது 10,000 லிட்டர் லாரி எட்டு நடை. வீட்டுக்கு அரை லிட்டர் பால் என்றால் 500 லிட்டர், விடியற்காலையில் ஆயிரம் பாக்கெட். இதைச் சுமப்பவர்கள் யார், எந்தத் தடுப்பு வழியாக, எத்தனை மணிக்கு என்று முற்றுகைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரம் இரண்டு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், ஒரு முறை தவறினாலே மூச்சு முட்டும். இன்சுலினைத் திறக்கும் வரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் முடியாது. பிரசவத் தேதி நெருங்கியவர்கள், காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே இருக்கும். ஆஷா பணியாளரின் நோட்டுப் புத்தகத்தைப் போலீஸ் திட்டமிடுபவர் ஒருமுறை புரட்டினால் பாதி வேலை முடிந்தது. கடலுக்குப் போகாத நாளில் கூலி இல்லை என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் கட்டிய தடுப்பை ஆந்திர எல்லையில் பார்த்தோம். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்டத்தில், குடியாத்தம் அருகே சைனகுண்டாவிலும் பொன்னை சாலையிலும், சித்தூர் போகும் வழியின் குறுக்கே ஹாலோ பிளாக் அடுக்கிச் சுவரே எழுப்பினார்கள். மூன்றடி அகலம், ஐந்தடி உயரம். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் தெலுங்குக் குடும்பங்களுக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே வேலூர்தான். இரும்புத் தடுப்பை ஆம்புலன்ஸ் வந்தால் ஒரு காவலர் நகர்த்திவிடுவார், சுவரை யார் நகர்த்துவது? அந்தப் பக்கத்து அதிகாரிகள் எதிர்த்த பிறகு சில நாட்களிலேயே இடித்தார்கள். அதே மாதம் காசர்கோடு எல்லையில் தலப்பாடியில் கர்நாடகம் சாலையை அடைத்துப் போட்ட தடுப்பை அகற்றக் கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது. திறக்க முடியாத தடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது.

எழுதி வைப்பது

டிவோலியில் எத்தனையோ சாவுக்குப் பொறுப்பாளி கிடைக்காமல் போனதற்குக் காரணம் எளிது. சுடப்பட்ட இடத்தைப் பதிவு செய்யாமல் உடல்களை அகற்றினார்கள். எந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது, எத்தனை குண்டு போனது, எத்தனை திரும்பியது என்ற கணக்கு நிற்கவில்லை. நம்மிடம் இதற்கு எழுதிய விதி இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், போலீஸ் சுட்டு நேரும் சாவுகளை விசாரிக்க 16 நெறிகளை வகுத்தது. சுட்ட குழுவே விசாரிக்கக் கூடாது. சிஐடியோ வேறு நிலையத்தாரோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை கட்டாயம். இரண்டு மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்து வீடியோ எடுக்க வேண்டும். துப்பாக்கிகளைத் தடயவியலுக்கு ஒப்படைக்க வேண்டும். அந்த நெறிகள் வந்து ஏழு மாதம் கூட ஆகாத 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் நம் மாவட்டங்களிலிருந்து போன 20 கூலித் தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. எழுதிய விதி தானாக நடந்துவிடாது என்று நம் எல்லை மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே குடியிருப்பவர்களும் தங்கள் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். வீட்டுச் சோதனைக்கு வந்தால் அந்த வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய சட்டமே சொல்கிறது. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான நிலையில் மட்டும், நடுவரின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். பிடித்துப் போனவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். யாரை, எத்தனை மணிக்கு, எந்த எண்ணுள்ள வண்டியில் ஏற்றினார்கள் என்று தெருவில் ஒருவர் சாதாரண நோட்டில் தேதியோடு எழுதினால் போதும். காலிக் குண்டுகளைக் கையால் தொடாமல், பக்கத்தில் ஒரு நாணயமோ செருப்போ வைத்து, விழுந்த இடம் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். பொறுக்கி எடுத்துவிட்டால் அது வெறும் பித்தளை. கிடந்த இடத்தோடு சேர்ந்தால்தான் சாட்சி. படத்தை அன்றிரவே ஊருக்கு வெளியே இருக்கும் இரண்டு பேருக்கு அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து துண்டிக்கப்படுவது இணையமாக இருக்கலாம்.

டிவோலி ஆணையத்தின் அறிக்கை முழுவதும் வெளியானது. 2017 டிசம்பரில் ஜமைக்காவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், இழப்பீட்டுக்குப் பணம் ஒதுக்கினார்கள். ஏழு ஆண்டு தாமதம், தண்டனை ஏறக்குறைய இல்லை. ஆனாலும் அங்கே இறந்த 69 பேரின் வீட்டார் எந்தப் பிழையால் தங்கள் பிள்ளை செத்தான் என்பதை ஒரு அரசு ஆவணத்தில் வாசிக்க முடிகிறது. பீமாபள்ளியின் ஆறு வீட்டார் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததும் அந்தக் காகிதத்தைத்தான்.